பசித்தவர் மட்டும் நிற்கும் படம்

பஞ்சத்தை நேரில் காணாத தலைமுறை என்னுடையது. எங்களுக்குப் பஞ்சம் என்றால் செய்தித்தாளிலும் வார இதழிலும் வந்த படங்கள்தான். துருத்திய விலா, ஊதிய வயிறு, ஈ மொய்க்கும் கண், கையில் ஒரு காலிக் குவளை. எத்தியோப்பியா, சோமாலியா, சூடான் என்று நாட்டின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. படம் ஏறக்குறைய அதேதான். நினைவில் தங்கிவிட்ட அந்தப் படங்களைப் பிற்பாடு வரலாற்றோடு வைத்துப் பார்க்கத் தொடங்கியபோது ஒரு வெற்றிடம் கண்ணில் பட்டது. பசித்தவர் எல்லாப் படத்திலும் இருக்கிறார். சிலவற்றில் அவருக்குக் கஞ்சி ஊற்றுகிறவரும் இருக்கிறார். அவர் பட்டினி கிடக்கக் காரணமான ஆள், அந்த உத்தரவு, அந்த அலுவலகம், எதுவும் எந்தப் படத்திலும் இல்லை. இதனால்தான் பஞ்சப் படம் உலகத்தின் மனத்தை இவ்வளவு உலுக்கியும் பஞ்சத்தை உண்டாக்கியவர்களை அவ்வளவாக உலுக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த உடலை ஒரு தேதியோடும் ஒரு முடிவோடும் யாராவது சேர்த்து வைக்கும்போதுதான் அது அரசியல் சாட்சியாகிறது. சேர்க்க ஆளில்லாத இடத்தில் அது வெறும் இரக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கதை நம் ஊரில்தான் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம், காமிராவுக்கு முன்னால் நடந்த முதல் பெரும் பஞ்சங்களில் ஒன்று. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைக் குதிரைப்படை அதிகாரி அந்தப் பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். ஓடுகிறவரைப் பிடிக்கும் வேகம் அன்றைய காமிராவுக்குக் கிடையாது. முக்காலியில் நிறுத்தி, எதிரில் இருப்பவரை அசையாமல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஹூப்பரின் படங்களில் எலும்புக்கூடாகிவிட்ட மனிதர்கள் குடும்பப் படத்துக்கு அமர்த்தப்பட்டவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்தும் சாய்ந்தும் இருக்கிறார்கள். ஒரு தாயின் மடியில் குழந்தை, பின்னால் நிற்க முடியாமல் நிற்கும் கிழவர். யாரோ ஒருவர் இவர்களை அழைத்து வந்து, இடம் சொல்லி, ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரு படத்தின் குறிப்பு, இவர்கள் இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் குறிப்பை வாசித்த பிறகுதான் படமே புரிகிறது. அன்றைய அரசு பசித்தவர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. உழைக்கத் தெம்புள்ளவர் மண் சுமந்து கூலி வாங்க வேண்டும். தெம்பே இல்லாதவருக்குத்தான் சும்மா கொடுக்கும் கஞ்சி. அந்தக் கூலியையும் 1877-இல் அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். சிறைக் கைதிக்குக் கிடைப்பதைவிட இது குறைவு என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். இதே ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் நடத்தினார். தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை உயிரோடு இருந்தது. கப்பலில் தானியம் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. ஹூப்பரின் படத்தில் இவற்றில் எதற்கும் இடமில்லை. அந்தக் குறிப்பு, பசித்தவரின் உடலை அரசின் பிரிவினைக்குச் சான்றாக மாற்றிவிடுகிறது. பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இவர் ஏன் இப்படி ஆனார் என்பது. குறிப்போ, இவருக்குக் கஞ்சி கொடுக்கலாமா என்ற கேள்வியை முன்னால் நிறுத்தி, கொடுக்கலாம் என்று பதிலும் சொல்லிவிடுகிறது. இதே ஹூப்பர் சில ஆண்டுகள் கழித்து, 1886-இல் மண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படமாக்க முனைந்தார். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கண்டனத்துக்கு உள்ளானது. அந்த விவகாரம் அவருடைய பஞ்சப் படங்களின் மேலும் நிழல் விழச் செய்தது. ஆனாலும் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசி முடிப்பது எனக்கு உவப்பில்லை. இரக்கமே உருவான ஒருவர் அந்த முக்காலியின் பின்னால் நின்றிருந்தாலும் டெம்பிளின் உத்தரவு படத்தில் விழுந்திருக்காது.

நம் மக்கள் அந்தப் பஞ்சத்தைப் படத்தில் வைத்து நினைவுகூரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாது வருஷம் என்ற பெயரிலும் பஞ்சக் கும்மிகளிலும் கஞ்சித்தொட்டிக் கதைகளிலும்தான் அது தலைமுறைகள் கடந்து வந்தது. ஹூப்பரின் படங்கள் லண்டன் ஆவணக் காப்பகங்களில் தங்கிவிட்டன. படத்தில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்த்ததேயில்லை.

இதற்கு நேர் மறுபுறத்தில் 1943 ஆகஸ்ட் 22 நிற்கிறது. வங்காளத்தில் ரங்கூன் அரிசி நின்றுபோயிருந்தது. ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர மாவட்டங்களின் படகுகளையும் அரிசியையும் அரசே அகற்றியிருந்தது. முந்தைய ஆண்டு அக்டோபர் புயல் மேதினிப்பூரை அழித்திருந்தது. விலை ஏறிக்கொண்டே போயிற்று. கல்கத்தாவின் நடைபாதைகளில் கிராமத்து மக்கள் வந்து விழுந்து செத்தார்கள். ஆனால் அரசின் வாயிலிருந்து பஞ்சம் என்ற அறிவிப்பு வரவில்லை. போர்க்காலத் தணிக்கையின் கீழ் பத்திரிகைகளும் வெளிப்படையாக எழுத முடியவில்லை. பிரிட்டிஷ் உடைமையான ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், தணிக்கை விதிகளில் புகைப்படம் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனித்தார். படக்காரர்களைத் தெருவுக்கு அனுப்பினார். எடுத்த படங்களில் மிகக் கோரமானவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை இதழில் போட்டார், அடுத்த வாரமும் போட்டார். கூடவே அரசைக் குற்றம் சாட்டும் தலையங்கங்கள் தொடர்ந்து வந்தன. டெல்லியும் லண்டனும் மறுத்துக்கொண்டிருந்த ஒன்று, ஆங்கிலேயர் நடத்தும் ஒரு பத்திரிகையின் பக்கத்திலேயே வந்துவிட்டது. அக்டோபரில் வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற வேவல் உடனே கல்கத்தா சென்றார். நிவாரணத்தில் ராணுவம் இறக்கப்பட்டது.

இந்த வெற்றியை அந்தப் படங்களின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் 1943-இன் படங்களுக்கும் 1877-இன் படங்களுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது; எலும்பும் தோலுமான தாய், பிள்ளை, பிணம். வேறுபாடு பக்கத்தில் இருக்கிறது. ஹூப்பரின் படம் அரசின் வகைப்பாட்டைக் குறிப்பாகச் சுமந்தது. ஸ்டீபன்ஸின் படம் அரசின் மறுப்பை மறுக்கும் தலையங்கத்தோடு, மறுப்பு நடந்துகொண்டிருந்த அதே நாளில் வந்தது. இன்னொன்றும் உண்டு. கல்கத்தா நடைபாதையில் எடுத்ததால் படத்தின் பின்னணியில் நகரம் இருக்கிறது. போர்த்தொழிலுக்கு வேண்டியவர்கள் என்பதால் அந்த நகரத்தின் தொழிலாளருக்கு முன்னுரிமை கொடுத்து உணவு ஒதுக்கப்பட்டது. 1943-இல் வங்காளத்தில் கிடைத்த மொத்த உணவு 1941-ஐவிடக் குறைவில்லை, கிராமத்துக் கூலிகளுக்கும் மீனவருக்கும் அதை வாங்கும் சக்திதான் போய்விட்டது என்று 1981-இல் வெளியான தன் ஆய்வில் அமர்த்தியா சென் வாதிட்டார். அந்த வாதத்தை வாசித்துவிட்டுப் பார்த்தால், கடையும் சாலையும் பின்னால் இருக்க முன்னால் ஒருத்தி செத்துக்கிடக்கும் அந்தப் படம் சென் சொல்வதற்கே சாட்சி. வாதத்தைத் தெரிந்துகொள்ளாத கண்ணுக்கு அது வெறும் துயரம்.

அதே பஞ்சத்தில் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி. சி. ஜோஷி, சுனில் ஜானா என்ற இளைஞரைக் காமிராவோடும் சித்தபிரசாத் என்ற ஓவியரைத் தாளும் மையுமாகவும் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். ஜானாவின் படங்கள் கட்சிப் பத்திரிகையான பீப்பிள்ஸ் வாரில் வந்தன. அன்று கட்சி போரை ஆதரித்தது. ஆகவே படங்களைச் சூழ்ந்த எழுத்து பதுக்கல்காரரையும் நிர்வாகச் சீர்கேட்டையும் கடுமையாகத் தாக்கியது, போரின் மேல் அவ்வளவு கை வைக்கவில்லை. காரணம் காட்டும் எழுத்துக்கும் சார்பு உண்டு என்பதற்கு இதுவே சான்று. அதையும் கவனித்துத்தான் வாசிக்க வேண்டும். சித்தபிரசாத் இன்னொரு வழியில் போனார். மேதினிப்பூரில் தான் வரைந்தவர்களின் பெயரும் ஊரும் அவர்களுக்கு நேர்ந்ததும் எழுதிவைத்தார். அந்தச் சித்திரங்களும் குறிப்புகளும் சேர்ந்த ‘ஹங்கிரி பெங்கால்’ நூலின் 5000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. நடைபாதைப் படங்களைத் தடுக்காத அரசு, ஒரு மெல்லிய சித்திர நூலைக் கண்டு பயந்தது. அந்த நூலில் ஊரும் பேரும் காரணமும் ஒரே அட்டைக்குள் இருந்தன.

படம் மனத்தைத் தொட்டால் போதாதா, அரசியலைத் தோண்டுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. படம் பார்த்துக் கொடுத்த காசில் பிழைத்த உயிர்கள் உயிர்கள்தானே என்பார்கள். உண்மைதான். 1877-இல் லண்டன் மேயர் திரட்டிய நிதியும், 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரமிலிருந்து முகமது அமீன் எடுத்த காட்சிகளை பிபிசி ஒளிபரப்பியதும் அடுத்த ஜூலையில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியும் திரட்டிய பணமும் உயிர்களைக் காத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் எத்தியோப்பியாவில் அடுத்து என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெங்கிஸ்டுவின் ராணுவ அரசு டிக்ரேயிலும் எரித்ரியாவிலும் போர் நடத்திக்கொண்டிருந்தது. கிளர்ச்சியாளர் பகுதிகளுக்கு உணவு போகவிடாமல் தடுத்தது. வடக்கு மக்களைக் கட்டாயமாகத் தெற்கே குடியேற்றியது. அதிலும் பலர் செத்தார்கள். உலகம் பார்த்த படத்திலோ வறண்ட மண்ணும் வானமும் பசித்த கூட்டமும்தான். வறட்சி என்ற விளக்கம் மெங்கிஸ்டுவுக்கும் வசதியாக இருந்தது, பணம் கொடுத்தவர்களுக்கும் மனச்சிக்கல் இல்லாமல் இருந்தது. கட்டாயக் குடியேற்றத்தைக் கண்டித்துப் பேசிய பிரான்சின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. படம் எடுத்தவர்களுக்குத் திறந்த கதவு, காரணம் சொன்னவர்களுக்கு மூடிக்கொண்டது. இரக்கம் போதும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கெவின் கார்ட்டரின் படம் இதைவிட வேதனையான உதாரணம். 1993 மார்ச்சில் தெற்கு சூடானின் அயோடில் எடுத்தது: தலை கவிழ்ந்து மண்ணில் சுருண்ட ஒரு குழந்தை, சற்றுப் பின்னால் காத்திருக்கும் ஒரு கழுகு. நியூயார்க் டைம்ஸ் மார்ச் 26 அன்று வெளியிட்டது. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் குவித்த கேள்விகளுக்குப் பத்திரிகை சில நாளில் தனிக் குறிப்பு போட்டுப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மறுவருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கடுத்த சில மாதங்களில் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். அன்று முதல் இன்று வரை, தமிழ்ப் பத்திரிகைகள் உட்பட, அந்தப் படத்தைச் சுற்றி நடக்கும் பேச்சு எல்லாம் ஒரே கேள்வியில் சுழல்கிறது: படக்காரர் ஏன் குழந்தையைத் தூக்கவில்லை? நம் மொழியில் இது ஒரு நீதிக்கதையாகவே புழங்குகிறது. அயோட் இருந்த பகுதியைப் பட்டினி முக்கோணம் என்று அன்று அழைத்தார்கள். இரண்டாகப் பிளந்த விடுதலைப் படைகள் அங்கே ஒன்றையொன்று தாக்கி ஊர்களை எரித்தன. நிவாரண விமானங்கள் எங்கே இறங்கலாம் என்பதில் கார்ட்டூம் அரசு கை வைத்திருந்தது. இந்தச் செய்திகள் எதுவும் அந்த நீதிக்கதையில் வருவதில்லை. ஒரு போரின் குற்றம் முழுவதும் ஒரு தனிமனிதனின் மனசாட்சிக் கேள்வியாகச் சுருக்கப்பட்டுவிட்டது. கழுகும் அதற்குத் துணை செய்தது என்பேன்: கெட்டவன் ஒருவன் படத்துக்குள்ளேயே இருக்கிறான் என்ற நிறைவைப் பார்ப்பவருக்கு அது கொடுத்துவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காமிராவால் முடிவுகளைப் படமெடுக்க முடியாது. லண்டன் போர் அமைச்சரவை 1943 ஆகஸ்டில் இந்தியா கேட்ட தானியக் கப்பல்களில் சிறு பகுதிக்கு மட்டும் இசைந்ததை எந்த லென்ஸ் பிடிக்கும்? முடியாததைச் செய்யவில்லை என்று படத்தைக் குறை சொல்வது நியாயமா? நியாயமில்லைதான். என் குறை படத்தின் மேல் இல்லை, படத்தைப் பக்கத்தில் வைக்கிறவர்கள் மேலும் அதை வாசிக்கிறவர்கள் மேலும்தான். காவல் போட்ட அரிசிக் கிடங்கைப் படமெடுக்கலாம், மறித்து நிற்கும் லாரிகளை எடுக்கலாம். எடுக்க முடியாத முடிவை இரண்டு வரிக் குறிப்பில் எழுதலாம். வங்காள ஆளுநர் பொறுப்பில் இருந்த ரதர்ஃபோர்டு, பஞ்ச விதித்தொகுப்பை அமல்படுத்தாததற்குக் காரணம் அதில் சொன்ன அளவு உணவைக் கொடுக்கத் தங்களிடம் இல்லாததே என்று 1943 அக்டோபரில் வைஸ்ராய்க்கு எழுதினார். தாது வருஷப் பஞ்சத்தின் சாவுகளுக்குப் பிறகு உருவாக்கப்பட்ட விதிகள் அவை. அந்தக் கடிதத்தின் ஒரு வரியை ஸ்டேட்ஸ்மன் படத்தின் கீழே போட்டுப் பாருங்கள். அதே படம் குற்றப்பத்திரிகையாகிவிடும்.

பசித்த உடலைக் காட்டுவதே அவமதிப்பு, அதைக் காட்டாமலே பேசலாம் என்போரின் கருத்தையும் மதிக்கிறேன். பெயரில்லாமல், கேட்காமல், அரைநிர்வாணமாகக் காட்டப்பட்டவர்கள் எப்போதும் தூரத்து ஏழைகளாகவே இருந்திருக்கிறார்கள். ஆனால் காட்டாமல் விட்டால் யாருக்கு லாபம் என்பதை 2009-இன் வன்னி சொல்கிறது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுதந்திரமான செய்தியாளர்கள் உள்ளே போக முடியவில்லை. 2009 பிப்ரவரியில் போர்ப்பகுதியில் இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று இலங்கை அரசு கணக்குச் சொன்னது. உயிரோடு வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். குறைத்துச் சொன்ன எண்ணை வைத்துத்தான் உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன என்பதை 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. மக்களை வெளியேறவிடாமல் விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அதே குழு பதிவு செய்தது. உள்ளே இருந்தவர்கள் எடுத்த படங்கள் வெளியே வந்தபோது பரப்புரை என்று தள்ளப்பட்டன. சரிபார்க்க யாரும் அனுமதிக்கப்படாத இடத்தில், சரிபார்க்கப்படவில்லை என்பதே நிராகரிக்கும் காரணமாயிற்று. இன்று அந்தப் பசியின் அடையாளமாக நிற்பது ஒரு படம்கூட இல்லை. உப்பும் அரிசியும் தண்ணீருமான முள்ளிவாய்க்கால் கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் அதைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அதைக் காய்ச்சியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். யார் பட்டினி போட்டது என்ற கேள்வி அந்தக் கஞ்சியிலேயே இருப்பதால்தான் அரசுக்கு இந்தப் பயம்.

காஸாவில் இந்த வாதம் முடிவடையாமல் நடந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச் 2 அன்று உதவிப் பொருள்கள் உள்ளே போவதை இஸ்ரேல் முற்றிலும் நிறுத்தியது. மே மாதம்தான் சிறிது சிறிதாக விட்டது. வெளிநாட்டுச் செய்தியாளர் சுயமாக உள்ளே போக வழியிருக்கவில்லை. படம் எடுத்தவர்கள் தாங்களும் பட்டினி கிடந்த காஸாக்காரர்கள். ஜூலையில் ஒரு தாயின் தோளில் சாய்ந்த எலும்புக் குழந்தையின் படம் உலகம் முழுவதும் முதல் பக்கத்தில் வந்தது. அந்தக் குழந்தைக்கு முன்பே நோய் இருந்தது என்று தெரிந்ததும் நியூயார்க் டைம்ஸ் திருத்தக் குறிப்பு போட்டது. திருத்தியது சரி, சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு நடந்த பேச்சு, ஒரு குழந்தையின் மருத்துவக் கோப்பைப் புரட்டி ஒரு முற்றுகையை இல்லையென்று ஆக்கப் பார்த்தது. எந்தப் பஞ்சத்திலும் முதலில் விழுவது நோயுற்ற குழந்தைதான். ஒற்றை முகத்தின் மேல் முழு வழக்கையும் சுமத்தினால் அந்த முகத்தில் ஒரு பிசகு காட்டி வழக்கையே தள்ளிவிடலாம் என்ற ஆபத்து அன்று வெளிப்பட்டது. ஆகஸ்ட் 22 அன்று, ஐ.நா. அமைப்புகள் சார்ந்திருக்கும் உணவு நெருக்கடி வகைப்பாட்டுக் குழு காஸா மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக முறைப்படி அறிவித்தது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை. ஸ்டேட்ஸ்மன் படங்கள் வந்ததும் ஓர் ஆகஸ்ட் 22-தான், அதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்பு.

நம் நாளிதழ்களுக்கு இந்தப் படங்கள் செய்தி நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. குறிப்பும் அங்கிருந்தே வருகிறது. அதைச் சுருக்கி, பசியால் வாடும் குழந்தை என்று தமிழில் போட்டுவிடுகிறோம். இனி அந்த மேசையில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பசித்தவரின் படம் வந்தால், அவர் ஊருக்குப் போகும் சாலை எந்தத் தேதியிலிருந்து யாரால் மூடப்பட்டிருக்கிறது என்பதை விசாரித்து அதே குறிப்பில் ஒரு வரி சேருங்கள். மழை பொய்த்தது மட்டுமே காரணம் என்றால் அதையும் எழுதுங்கள். வாசகர்களே, அந்த வரி இல்லாத படம் உங்கள் கைக்கு வந்தால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.